கீழ் உதடு

முழுங்கு கண்ணு, முழுங்கு. சொல்வது நான்தான், ஆனால் சத்தம் வெளியே வரவில்லை, எனக்குப் பாதிப் பேச்சு எப்போதுமே வாய்க்குள் நின்றுவிடும், லாரி புக்கிங் ஆபீஸில் டிரைவர் அண்ணன்கள் போனில் கத்துவார்கள், "தரணி, வாயத் தொறந்து பேசு சாமி, கொசு காதுல ரகசியம் சொல்றாப்ல இருக்குது" என்று. பாப்பாவை இடது முழங்கையில் நிமிர்த்திச் சாய்த்து வைத்திருக்கிறேன், படுக்க வைத்துக் கொடுத்தால் பால் மூக்கில் ஏறிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தார்கள். வலது கையில் பாலாடை, மூக்கு வைத்த சின்னக் கிண்ணம், அதில் சிந்து பிழிந்து கொடுத்த பால். கிண்ணத்தின் மூக்கைக் கன்னத்தின் உட்புறமாக வைத்துக் கொஞ்சம் சாய்க்க வேண்டும், நிறுத்த வேண்டும், தொண்டை அசைகிறதா என்று பார்க்க வேண்டும், அசைந்தால்தான் அடுத்த வாய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தெரு முழுக்கக் கறிக்குழம்பு கொதிக்கிற வாசனை, எங்கள் வீட்டில் பாப்பா பிறந்ததிலிருந்து கறி எடுக்கவில்லை, எடுக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவும் இல்லை. அம்மா முன்னறையில் பக்கத்து வீட்டுத் தங்காயி பெரியம்மாவுடன் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரிக்கிறாள், கதவுக்குத் திரைச்சீலைதான், பேச்சு அப்படியே உள்ளே வருகிறது. சிந்து என் பக்கத்தில் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். தூங்கவில்லை. கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அவள் தூங்கும் முதுகும் தூங்காத முதுகும் எனக்குத் தெரியும். பால் மூக்கு வழியாக வெளியே வருவதைப் பார்க்க அவளால் முடியவில்லை, முதல் வாரம் முயற்சி செய்தாள், கை நடுங்கிப் பாலெல்லாம் பாப்பாவின் கழுத்தில் ஓடியது, அதிலிருந்து நான் வீட்டில் இருக்கும்போதெல்லாம் நானே கொடுக்கிறேன். அதற்குத்தான் எனக்கு இவ்வளவு பேர். தங்கமான புருஷன், இந்தக் காலத்தில் இப்படி ஒருத்தனா, கொடுத்து வைத்தவள். தெருவில் சொல்கிறார்கள், மருந்துக் கடையில் சொல்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் சிந்து தலையை ஆட்டுகிறாள், ஆமாங்க, ஆமாங்க. முழுங்கிவிட்டாள். இதோ, தொண்டை ஏறி இறங்கியது. அடுத்த வாய். பாப்பாவின் மேல் உதடு இடது பக்கம் மூக்குத் துவாரம் வரைக்கும் திறந்திருக்கிறது, உள்ளே அண்ணமும் சேரவில்லை, பார்க்க வருகிறவர்களின் கண் நேராக அங்கே போகும், போன வேகத்தில் சுவருக்குத் தாவும், காலண்டருக்குத் தாவும், "முடி நெறையா இருக்குது" என்பார்கள். கீழ் உதட்டை யாரும் பார்ப்பதில்லை. அதற்குக் கண்ணுக்கு நேரமில்லை. கீழ் உதட்டில், நடுவுக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று, ஊசி குத்தி எடுத்த இடம் போல இரண்டு சின்னக் குழி. என் நாக்கு தானாகப் போய் என் கீழ் உதட்டைத் தடவுகிறது. நடுவுக்கு இந்தப் பக்கம் ஒன்று. அந்தப் பக்கம் ஒன்று.

மூணு மாசத்துல ஆபரேஷன் பண்ணிடலாம்னாங்க. இது நான் சொன்னது, புதன்கிழமை, கோயமுத்தூரில், ஆஸ்பத்திரி நடையில், பாப்பாவை எடை போட்டுத் தூக்கிக்கொண்டு வந்த சிந்துவிடம். பொய் இல்லை. டாக்டர் அம்மா சொன்னதுதான், மூன்று மாதத்தில் உதடு, ஒரு வயது வாக்கில் அண்ணம், அப்புறம் பேச்சுப் பயிற்சி, நல்லா வந்துடுவா, பயப்படாதீங்க. அதெல்லாம் கடைசியில் சொன்னது. முதலில் சொன்னது வேறு. நான் உள்ளே போய் உட்கார்ந்ததும் அந்த அம்மா என் முகத்தைத்தான் பார்த்தார், என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம், கூச்சமே இல்லாமல் என் வாயைப் பார்த்தார், "உங்க கீழ் உதட்டுல இருக்கற குழி பொறந்ததுல இருந்தே இருக்கா?" ஆமாங்க, எங்க அப்பாவுக்கும் இருந்துச்சுங்க, தாத்தாவுக்கும், எங்க வம்சத்துக்கே உள்ளதுங்க. பெருமையாகச் சொன்னேன். அதை நினைத்தால்தான் இப்போது காது சுடுகிறது, பெருமையாகச் சொன்னேன். அவர் இரண்டு கைகளையும் தன் தலைக்குப் பின்னால் கொண்டுபோனார், அங்கிருந்து காதோரமாக இரண்டு பக்கமும் மெல்ல முன்னால் கொண்டுவந்து மூக்குக்குக் கீழே விரல்களைச் சேர்த்தார். முகம் ஒரே துண்டா வர்றதில்லைங்க, வயித்துக்குள்ள, ரெண்டாம் மாசத்துக்குள்ள, பின்னாடி இருந்து செல்லுங்க நடந்து முன்னாடி வரும், இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம், நடுவுல வந்து ஒட்டணும், ஒட்டற இடத்துல மேல்தோல் செல்லு விலகி வழி விடணும். எது நகரணும், எது விலகணும், எது நிக்கணும்னு சொல்றதுக்கு மரபணு இருக்குது, அதுல ஒண்ணுல பிசகு இருந்தா இப்படி ஆகலாம். அதன் பேரையும் சொன்னார், மூன்று இங்கிலீஷ் எழுத்து, கடைசியில் ஆறு. ஐ, ஆர், எஃப், ஆறு. எனக்கு லாரி நம்பர் மறக்காது, இதுவும் அப்படியே ஒட்டிக்கொண்டது. அதே பிசகு ஒருத்தர் உடம்புல வெறும் ரெண்டு குழியோட நின்னுடும், அவரோட குழந்தைக்கு உதடே பிளந்து வரும், ஏன்னு எங்களுக்கும் முழுசாத் தெரியாது, ரத்தப் பரிசோதனை செஞ்சா உறுதியாச் சொல்லலாம், ஆனா உங்க ரெண்டு பேர் உதட்டையும் பாத்தாலே எனக்குச் சந்தேகம் இல்லீங்க. அடுத்த குழந்தைக்கு என்று இழுத்தேன். காசு சுண்டற மாதிரிதான், ஒவ்வொரு தடவையும் புதுசா. எது நகர்கிறது, எது நின்றுவிட்டது என்று பார்ப்பது தினம் காலையில் நான் செய்கிற வேலைதானே, புறப்பட்ட வண்டிக்கெல்லாம் போன் போட்டு "எங்கண்ணா இருக்கீங்க" என்று கேட்பது, எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள், "கிட்ட வந்துட்டேன் சாமி." டோல்கேட்டில் தூங்கிக்கொண்டிருப்பவரும் அதையே சொல்வார். பாப்பாவின் உதட்டை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது, இரண்டு பக்கமும் கிட்ட வந்து, ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு, கேட்பதற்கு ஆள் இல்லாமல் நின்றுவிட்டது போல. "இது யார் செஞ்ச தப்பும் இல்லீங்க" என்றார் டாக்டர் அம்மா, "ஆனா உங்க மனைவி தன்னையே குத்தம் சொல்லிக்கிட்டு இருப்பாங்க, எல்லா அம்மாவும் அப்படித்தான், கூப்பிடுங்க, நான் சொல்றேன்." நான் சொன்னேன், "வேண்டாங்க. நானே சொல்லிடறேங்க." அதையும் நான்தான் சொன்னேன். யாரும் கேட்காமல், நானாக. நடைக்கு வந்தேன், சிந்து எதிரில் வந்தாள், பாப்பாவைத் துண்டால் சுற்றி முகத்தை மறைத்துத் தூக்கிக்கொண்டு, "என்னங்க சொன்னாங்க?" கண்ணில் அப்படி ஒரு பயம், அடிக்கக் கை ஓங்கினால் முகத்தைத் திருப்புமே பிள்ளைகள், அது போல. மூணு மாசத்துல ஆபரேஷன் பண்ணிடலாம்னாங்க. "வேற ஒண்ணும் சொல்லலையா?" இல்லை. "எதனாலன்னு?" நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தேன். நிறையக் குடித்தேன். பஸ்ஸில் வரும்போது சொல்லலாம் என்று நினைத்தேன், பஸ்ஸில் பாட்டு ஓடியது. வீட்டில் சொல்லலாம் என்று நினைத்தேன், வீட்டில் அம்மா இருந்தாள். வியாழக்கிழமை ஆபீஸ். வெள்ளிக்கிழமை பாப்பா மூன்று வாய் விடாமல் முழுங்கினாள், சிந்து லேசாகச் சிரித்தாள், அந்தச் சிரிப்பை ஏன் கெடுக்க வேண்டும் என்று எனக்கு நானே சொன்னேன், பார், எவ்வளவு நல்லவன்.

முழுங்கு கண்ணு. நின்றுவிட்டாள், கண்ணை மூடிவிட்டாள், பாதத்தில் விரலால் சுண்ட வேண்டும், அப்போதுதான் முழித்து வாங்குவாள், நகம் படாமல் சுண்ட வேண்டும். நகம். இந்தக் குழிகளுக்கு எங்கள் தாத்தாவிடம் ஒரு கதை இருந்தது. அந்தக் கதையை நான் சோறு மாதிரித் தின்றிருக்கிறேன், சட்டியில் கடைசிப் பருக்கை வரைக்கும், இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டு. அதாகப்பட்டது, எங்கள் மூத்தவர் ஒருத்தர் ஏரிக்காவல் பார்த்தார், ஒரு விடிகாலை மதகுப் பக்கம் போனார், அம்மன் தண்ணியில் நின்று தலை கசக்கிக்கொண்டிருந்தாள், இவர் பார்த்துவிட்டார். ஓடவில்லை, கும்பிட்டு நின்றார். அவள் கரைக்கு வந்து, "பாத்தியா?" என்றாள். "பாத்தனுங்க தாயி." "சொல்லுவியா?" "சொல்ல மாட்டனுங்க." நம்பலாமா என்று யோசித்தவள் இரண்டு நகத்தால் அவர் கீழ் உதட்டைக் கிள்ளிப் பூட்டினாள். பூட்டின அடையாளம்தான் இது, அன்றிலிருந்து அந்த ஏரி வற்றவில்லை, நம்ம ஆம்பளைங்க வாயும் வீணாகத் திறக்கவில்லை. இவ்வளவும் சொல்லிவிட்டுத் தாத்தா தன் உதட்டை இழுத்துக் காட்டுவார், நான் என் உதட்டை இழுத்துக் காட்டுவேன், கட்டிலில் படுத்துக்கொண்டே அப்பாவும் இழுத்துக் காட்டுவார், மூன்று பேரும் ஒரே கிளாஸில் படிக்கிற பையன்கள் மாதிரி. பள்ளிக்கூடத்தில் நான் பேசவில்லை என்று வாத்தியார் அடித்தபோது எனக்கு வலிக்கவில்லை, பூட்டியிருக்கிறது, அவருக்குத் தெரியாது. கதைக்கு ஒரு வால் உண்டு, அதைத் தாத்தா எப்போதாவதுதான் சொல்வார், குரலை இறக்கி. மூத்தவரின் மகன் ஒருத்தன் கள்ளுக் குடித்துவிட்டுச் சந்தையில் உளறினான், அம்மனைப் பார்த்த கதையை, அவன் பெண்டாட்டிக்கு வாய் கட்டாத பிள்ளை பிறந்தது, பால் எடுக்கவில்லை, அம்மன் திருப்பி எடுத்துக்கொண்டாள். வாய் கட்டாத பிள்ளை. எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் இந்தச் சொல்லை, ஒரு தடவைகூட அந்தப் பிள்ளையின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்ததில்லை, கதையில் வருகிற பிள்ளைக்கு முகம் எதற்கு. இப்போது என் முழங்கையில் இருக்கிறது அந்த முகம். எத்தனை பேரோ. ஒவ்வொரு தலைமுறையிலும் பால் எடுக்காமல் போனது எத்தனையோ, அத்தனையையும் ஒரு ஏரிக்குள் போட்டு, மேலே ஒரு அம்மனை நிறுத்தி, அழகாகச் சொல்லிவிட்டார்கள், நானும் கைதட்டியிருக்கிறேன். எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் ஒன்று பிறந்தது. ஆண். பால் எடுக்காமல் போய்விட்டது என்பாள் அம்மா, அவ்வளவுதான் சொல்வாள், பால் எடுக்கல, அதற்கு மேல் கேட்டால் எழுந்து ஏதாவது பாத்திரத்தை உருட்டுவாள். பால் எடுக்கல. வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே. ஆனால் பயம் வேறு திசையிலிருந்து வருகிறது, வெட்கக்கேடு, பிளஸ்டூவில் உயிரியல் படித்தவன், மரபணு என்றால் என்னவென்று டாக்டர் சொல்லாமலே கொஞ்சம் தெரியும், இருந்தும் வாயைத் திறந்தால் அம்மன் திருப்பி எடுத்துக்கொள்வாள் என்று அடிவயிற்றில் ஒரு பையன் உட்கார்ந்து நடுங்குகிறான். புதன்கிழமையிலிருந்து நடுங்குகிறான். அவனைக் காரணம் காட்டலாமா? காட்டலாம். அவனும் உண்மைதான். ஆனால் சிந்துவிடம் சொல்லாமல் இருப்பது அவனால் மட்டும் இல்லை, அதுவும் எனக்குத் தெரியும்.

எலுமிச்சம்பழம். ஒரே ஒரு எலுமிச்சம்பழம், அதுவும் சின்னது, சாறு இல்லாதது. சிந்துவுக்கு அஞ்சாம் மாசம், அன்றைக்கு நிலா எழும்பும்போதே கிரகணத்தோடு எழும்புகிறது என்று டி.வி.யில் சொன்னார்கள், அம்மா மத்தியானமே ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டிவிட்டாள், "அம்மிணி, நேராப் படுத்துக்க, கை கால மடக்காத, கத்தியத் தொடாத, ஊசியத் தொடாத, நகத்தக்கூடக் கிள்ளாத, பச்சப்புள்ள ஒதடு மூக்குக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாது." சிந்துவுக்கு அம்மா இல்லை, சின்ன வயதிலேயே போய்விட்டாள், அதனால்தான் தலைப்பிரசவமே எங்கள் வீட்டில் என்று ஆனது, அவளுக்கு இதெல்லாம் சொல்ல யாரும் இருந்ததில்லை, அம்மா சொல்வதை எல்லாம் பரீட்சைக்குப் படிப்பது போலக் கேட்பாள். நான் ஆபீஸிலிருந்து தலைவலியோடு வந்தேன். ஒரு வண்டி ஓசூர் பக்கம் கவிழ்ந்து, நாள் முழுக்கப் போன். அம்மா மொட்டைமாடியில் தங்காயி பெரியம்மாவுடன் நிலாவைப் பார்க்கப் போயிருந்தாள், பார்க்கக் கூடாதவர்கள் கர்ப்பிணிகள் மட்டும்தானே. "சிந்து, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு ஒரு டீ போடேன்." இருட்டில் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள், "கிரகணம் விடலீங்களே." "அதெல்லாம் சும்மா. ஒரு பழந்தானே." சும்மா என்றேன். எனக்கு நம்பிக்கை இல்லை, அதனால் சும்மா, ஆனால் சமையலறைக்குப் போய் நானே வெட்டிக்கொள்ளவும் இல்லை. அவள் வெட்டினாள். நான் குடித்துக்கொண்டிருக்கும்போது அம்மா இறங்கி வந்தாள், தொட்டி ஓரத்தில் இரண்டு மூடியையும் பார்த்தாள், "ஆரு அரிஞ்சது?" சிந்து என்னைப் பார்க்கவே இல்லை. "எனக்குத்தாங்கத்த, வாய் ஒருமாதிரி கசந்துச்சு." நான் கையில் டம்ளரோடு நின்றேன். டம்ளரிலிருந்து எலுமிச்சை வாசனை வந்துகொண்டே இருந்தது, அம்மாவுக்கு அது தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும் சிந்துவைத்தான் பார்த்தாள். பாப்பா பிறந்த அன்று, நர்ஸ் துணியை விலக்கிக் காட்டியதும், அம்மா ஒரு தடவை பார்த்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டாள், பிறகு ஒன்றே ஒன்று சொன்னாள், "படிச்சுப் படிச்சுச் சொன்னனே." திட்டவில்லை. அம்மாவுக்குத் திட்ட வராது. பத்தியச் சாப்பாடு செய்கிறாள், சிந்துவுக்கு வெந்நீர் ஊற்றிவிடுகிறாள், பாப்பாவின் துணியைத் தன் சேலையோடு துவைக்காமல் தனியாக மெதுவாகத் துவைக்கிறாள், வருகிற போகிறவர்களிடம் மட்டும் "அம்மா இல்லாத புள்ள, தெரியாமப் பண்ணிருச்சு" என்கிறாள், பரிந்து பேசுவது போல. ஆனால் பாப்பாவின் முகத்தைத் துடைக்கும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு துடைக்கிறாள். அந்த உதட்டை அம்மா ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள். அம்மாவுக்குச் சில விஷயங்கள் அப்படித்தான், காரணம் சொல்ல மாட்டாள், எங்கள் வீட்டில் சுரைக்காய் வாங்குவதில்லை, நான் பிறந்ததிலிருந்து சுரைக்காய் தின்றதே இல்லை, சளி பிடிக்கும் என்பதற்காக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன், சிந்து தெரியாமல் ஒரு நாள் வாங்கி வந்தாள், அம்மா அதைக் கையால் தொடாமல் முறத்தில் தள்ளி எடுத்துக்கொண்டுபோய்ப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டு வந்தாள். ஆம்பளைகளுக்கு ஏரியும் அம்மனும், பொம்பளைகளுக்குக் கிரகணம். எங்கள் பங்கில் அடையாளம் வந்தது, அவர்கள் பங்கில் தப்பு வந்தது. சிந்து ராத்திரியில் தூக்கத்தில் விரலை மடக்கி மடக்கி நீட்டுகிறாள், கத்தி பிடித்த கை. எனக்கு அந்தக் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும் போல இருக்கும். பிடித்தால் முழித்துக்கொள்வாள். முழித்தால் கேட்பாள். மூணு மாசத்துல ஆபரேஷன் பண்ணிடலாம்னாங்க.

முழுங்கு. பாலாடையில் இன்னும் பாதி இருக்கிறது, ஆறிக்கொண்டு வருகிறது. இதைக் கொடுத்து முடித்ததும் சொல்லிவிடலாம். முதலில் சிந்துவிடம் தனியாக. இல்லை, அம்மா தூங்கின பிறகு. இல்லை, ஆபரேஷன் முடியட்டும், உதடு சேர்ந்த பிறகு சொன்னால் இவ்வளவு வலிக்காது, உதடு சேர்ந்துவிட்டால் சொல்லவே வேண்டியதில்லை, யாரும் காரணம் கேட்க மாட்டார்கள், தழும்புதான் இருக்கும், தழும்பைப் பற்றி யார் கேட்கிறார்கள். பார், எங்கே வந்து நிற்கிறது. சொல்லாமல் இருக்க என் மனசுக்கு எத்தனை குறுக்கு வழி தெரிகிறது. தெரியாத ஒரே வழி பக்கத்தில் படுத்திருப்பவளின் முதுகுக்குப் போகிற வழி, ஒரு முழம்கூட இல்லை. முன்னறையில் பெரியம்மாவின் வளையல் சத்தம், எழுந்திருக்கிறாள், "இருடி ருக்கு, போறதுக்குள்ள புள்ளய ஒருக்காப் பாத்துப்போட்டுப் போறேன்." திரை விலகுகிறது. தங்காயி பெரியம்மா மடியில் அவரைக்காய் நாரோடு வாசலை அடைத்து நிற்கிறாள், பின்னால் அம்மாவின் தலை தெரிகிறது. பெரியம்மாவின் கண் பாப்பாவின் மேல் உதட்டுக்குப் போனது, தாவியது, என் மேல் வந்து நின்றது, அப்படியே கனிந்தது. "என்ர சாமி," என்றாள், "புருசன்னா இப்பிடியில்ல இருக்கோணும். பொம்பள பண்ணுன தப்புக்கு ஆம்பள உக்காந்து பால் ஊத்துறான் பாரு." சிந்துவின் முதுகு அசையவில்லை. அசையாமல் இருப்பதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று அந்த ரவிக்கையின் தையலில் தெரிந்தது. ஆமாங்க என்று அவள் சொல்லப்போகிறாள், எனக்குத் தெரியும், வாயைத் திறந்துவிட்டாள், மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. என் கை ஆடி, பால் கொஞ்சம் அதிகமாகப் போய், பாப்பாவுக்குப் புரையேறி, மூக்கு வழியாக வெள்ளையாக வந்தது, நான் அவளைக் குப்புறச் சாய்த்து முதுகைத் தடவினேன், இதோ, நான் வாயைத் திறக்கவே இல்லை, அதற்குள் அம்மன் எடுத்துக்கொள்கிறாள், பாப்பா தும்மினாள், இன்னொரு தடவை தும்மினாள், அழுதாள், நல்ல கனமான அழுகை, மூச்சு இருக்கிறது, எல்லாம் இருக்கிறது. துணியால் துடைத்தேன். மேல் உதட்டைத் துடைத்தேன், கீழ் உதட்டைத் துடைத்தேன். "அவ பண்ணலீங்க," என்றேன்.

"என்ன சாமி?" என்றாள் பெரியம்மா. வழக்கம் போலச் சத்தம் வரவில்லை. "அவ ஒண்ணும் பண்ணலைன்னு சொன்னேன்." இந்தத் தடவை பக்கத்து வீட்டு டி.வி.யையும் தாண்டிப் போயிருக்கும், பாப்பாவே அழுகையை நிறுத்திவிட்டாள். "அம்மா, இங்க வாங்க. பாப்பாவோட கீழ் ஒதட்டப் பாருங்க. மேல இல்லீங்மா, கீழ." அம்மா வரவில்லை, பிறகு வந்தாள், சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள், தலையைத் திருப்பிக்கொள்ளத்தான் போனாள், நான் பாப்பாவின் மோவாயை விரலால் கொஞ்சம் இறக்கிக் காட்டினேன். அம்மா பார்த்தாள். என் வாயைப் பார்த்தாள். சுவரில் மாலை போட்டிருக்கிற அப்பாவின் போட்டோவைப் பார்த்தாள், போட்டோக்காரர் எவ்வளவோ திருத்தியும் அந்த இரண்டு புள்ளியை விட்டுவிட்டார். நான் சொல்லிக்கொண்டே போனேன், நின்றால் பூட்டிக்கொள்ளும் என்று பயந்து, முன்னும் பின்னுமாக, இது அப்பாகிட்ட இருந்து எனக்கு வந்தது, என்கிட்ட இருந்து பாப்பாவுக்கு, எனக்கு ரெண்டு குழியோட போச்சு, பாப்பாவுக்குப் போகல, டாக்டர் அம்மா சொன்னாங்க, ரெண்டாம் மாசமே ஒதடு இப்படித்தான், கிரகணம் வந்தது அஞ்சாம் மாசம், அப்ப சேர்றதுக்கும் பிரியறதுக்கும் ஒண்ணுமே மிச்சமில்லை, அந்த எலுமிச்சம்பழமும் நான் கேட்டது, எனக்குத்தான் டீ, அவ வேண்டான்னா, நான்தான் வெட்டச் சொன்னேன். "டாக்டருங்க ஆயிரஞ் சொல்லுவாங்க," என்றாள் பெரியம்மா, மடியிலிருந்த நாரைப் பார்த்தாள், "அடுப்புல கொழம்பு கெடக்குது, தண்ணி வத்திப்போயிருக்கும்," என்று சொல்லித் திரையை விலக்கிப் போய்விட்டாள். சிந்து திரும்பினாள். மெதுவாக, கட்டில் சத்தமில்லாமல். அவள் முகத்தில் நான் எதிர்பார்த்தது எதுவும் இல்லை, அழுகை இல்லை, நிம்மதிகூட இல்லை.

"டாக்டர் எப்பச் சொன்னாங்க?"

"புதன்கிழம."

"நான் பாப்பாவ எடை போடப் போனப்பவா?"

"ஆமா."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், அந்தப் பார்வையில் வியாழன், வெள்ளி, சனி ஒவ்வொன்றாகப் போயின, ஒவ்வொன்றிலும் அவள் யாருக்கு ஆமாங்க என்று தலையாட்டினாள் என்பதும் போனது. பிறகு எழுந்து உட்கார்ந்து முடியை முடிந்துகொண்டாள். "தள்ளுங்க," என்றாள். பாப்பாவை என் முழங்கையிலிருந்து தன் முழங்கைக்கு மாற்றிக்கொண்டாள், என் கையிலிருந்து பாலாடையை வாங்கிக்கொண்டாள், நான் பிடித்துக்கொண்டிருந்த எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். சுண்டுவிரல் நுனியால் பாப்பாவின் கீழ் உதட்டை, இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை, தொட்டுப் பார்த்தாள். நான் கட்டிலை விட்டு இறங்கி நின்றேன். நிற்பதற்கு அந்த அறையில் எனக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது, கிடைக்கவில்லை.

"தரணி," என்றாள் அம்மா. அவள் இன்னும் குனிந்த வாக்கிலேயே கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்மா."

"அப்ப," என்றாள். உதட்டை நனைத்துக்கொண்டாள். "அப்ப, சொரக்கா இல்லியா?"

எனக்கு முதலில் புரியவில்லை. எந்தச் சுரைக்காய் என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். பிறகு முறத்தில் தள்ளிக்கொண்டு போனது ஞாபகம் வந்தது, பின்சுவர் ஞாபகம் வந்தது, எனக்கு முன்னால் வந்து பால் எடுக்காமல் போனவனை வயிற்றில் வைத்துக்கொண்டு, ஏதோ ஒரு கிரகணத்தன்று, யாருக்கோ சமைக்க, என் வயதுகூட ஆகாத ஒரு பெண் அரிவாள்மனையில் உட்கார்ந்து சுரைக்காய் அரிந்துகொண்டிருந்தாள், வீட்டில் ஆம்பளைகள் உதட்டை இழுத்துக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு உதட்டில் குழி இருந்தது. தாத்தாவுக்கு இருந்தது. ஒருத்தர்கூட அவளிடம் வாயைத் திறக்கவில்லை.

"சொரக்கா இல்லீங்மா," என்றேன்.

அம்மா தரையில் உட்கார்ந்தாள். இரண்டு உள்ளங்கையையும் திருப்பிப் பார்த்தாள், சேலைத் தலைப்பில் அழுத்தித் துடைத்தாள், மறுபடியும் பார்த்தாள். கட்டிலில் சிந்து பாலாடையைக் கன்னத்தோரம் வைத்துக் கொஞ்சமாகச் சாய்த்தாள், நிறுத்தினாள், கை நடுங்கியது, நிறுத்தியே பிடித்திருந்தாள். நாங்கள் மூன்று பேரும் அந்தச் சின்னத் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது ஏறி, இறங்கியது.

"முழுங்கிட்டாங்கத்த," என்றாள் சிந்து, அம்மாவிடம்.